எடைக்கல்லும் என் நிக்காஹும்

தராசு பிடிப்பவன் இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறான். இரண்டு பேரும் அவனைத்தான் திட்டுவார்கள்.

எங்கள் பருப்பு மண்டி முதலாளி கூலியைக் குறைத்தது முதல் அநியாயம். கேட்டவர்களை வெயிலில் நிறுத்தியது இரண்டாவது. எடை குறையும்படி அடியில் குடைந்த எடைக்கல்லை எங்கள் கையில் கொடுத்தது மூன்றாவது. நீங்களும் இப்படி ஏதாவது ஒன்றைப் பிடித்திருப்பீர்கள், தோழர்களே. முதல் இரண்டுக்கும் கொடி பிடித்தேன். மூன்றாவதற்கு வாய் திறக்கவில்லை. எனக்கு நிக்காஹ் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வேலையில் இருக்க வேண்டும் என்பதே பெண்ணைப் பெற்ற அத்தா, குதிரைவண்டி காசிம் ராவுத்தர் போட்ட ஒரே நிபந்தனை.

கண்ணை மூடியவர்

திருச்சி மண்டியில் காலை வெயில் சாய்ந்து விழும்போது பருப்புத் தூசி பொன்னாக மிதக்கும். தட்டு ஏறி இறங்க, பின்னால் மலைக்கோட்டையும் கூடவே ஏறி இறங்குவது போலிருக்கும். அந்த மயக்கத்தில் கையில் என்ன கல் என்பதே மறந்துபோகும்.

ஸ்ரீரங்கத்துச் சமையல்கார ஐயங்கார் ஒருவர் தராசு முள்ளைப் பார்க்கவே மாட்டார். ஏன் என்றேன்.

"நீர் நிறுக்கறச்சே நான் எதுக்குப் பாக்கணும் பாய்? கண்ணை மூடிண்டு பெருமாளை சேவிச்சிண்டிருக்கேன்."

செருப்பு தேடியவர்

நான் படித்த துண்டறிக்கைகளில் எல்லாக் குற்றமும் முதலாளி மேல்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன்: "கல் முதலாளியுடையது. என் கூலி ஹலால்தானே?"

அவர் கூட்டத்தில் தம் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்:

"அளவுல மோசடி பண்றவங்களுக்குக் கேடுன்னு குர்ஆன் சொல்லுது. கல்லு அவருது, சரி. தூக்குற கை யாருது பாய்?"

மதியம் வரை

திங்கட்கிழமை பதினொரு பேர் தராசுகளைக் கவிழ்த்தோம். முத்திரை இன்ஸ்பெக்டர் வந்து கற்களைப் பார்க்கட்டும் என்றோம். மண்டி ஆற்றுக்கடியில் இருப்பது போல் அமைதியாகிவிட்டது. புறாக்கள் இறங்கி நடந்தன. மதியத்துக்குள் பத்துப் பேர் தராசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் பெயர் இன்றும் வரிசையாக நினைவிருக்கிறது.

முதலாளி கோபப்படக்கூட இல்லை.

"கல்லே சும்மா கெடக்கு. உனக்கு என்னப்பா வந்துச்சு? வேலையும் போச்சு, கல்யாணமும் போச்சு."

பேனா நின்ற இடம்

வேலை போனதையும் ஏன் போனது என்பதையும் நானே போய் ராவுத்தரிடம் சொன்னேன். குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டே கேட்டார். "வெள்ளிக்கிழமை வந்து சேருங்க" என்றார், அவ்வளவுதான்.

நிக்காஹ் அன்று பன்னீர் வாசத்தில் தலை லேசாகச் சுற்றியது. பதிவேட்டில் தொழில் என்ற இடத்தில் ஹஜ்ரத்தின் பேனா நின்றது. நான் கீழே விரித்திருந்த பாயைப் பார்த்தேன். ராவுத்தர் குரல் கேட்டது:

"வேலை வேணும்னு நான் கேட்டதே எம்மக ஹராம் சோறு திங்கக் கூடாதுன்னுதான். தராசுக்காரர்னு எழுதுங்க ஹஜ்ரத்."

எத்தனை கொடி பிடித்தும் கிடைக்காத பட்டம், வேலை போன பிறகு இரண்டு சாட்சிகள் முன்னால் உரக்க வாசிக்கப்பட்டது: "அப்துல் ரகுமான் மகன், தராசுக்காரர் கமருதீன்."