பெயரில்லா சொன்னது…

என் வலைப்பூவை எங்கே வைத்துக்கொள்வது என்று ஒரு வருடத்துக்கு மேல் குழம்பியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். பெண் பார்க்க வந்தவரை வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. இதற்கு ஒரு வருடம். இலவசமாகக் கிடைத்த இடத்திலேயே கிடப்பதா, சொந்தமாக ஒரு முகவரி வாங்கித் தனித்தளம் போடுவதா? யாரைக் கேட்டாலும் ஒரு பதில் சொன்னார்கள். அடுத்தவரைக் கேட்டால் நேரெதிராக இன்னொன்று. கேட்கும்போது இரண்டுமே சரியாகத்தான் பட்டது. அதுதான் என் வியாதி.

நாலு பேர் படிக்கிற வலைப்பூவுக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்பீர்கள். அந்த நாலு பேரில் ஒருவன் என் அண்ணன்.

சுனாமி அன்று எங்கள் தீவுக் கிராமமான சௌல்தாரியில் எங்கள் வயலில் ஏறிய கடல் அப்புறம் இறங்கவே இல்லை. தரையே தாழ்ந்துவிட்டது என்றார்கள். தினமும் ஓதம் வற்றும்போது வரப்பு தெரியும், ஏறும்போது மறையும். வரப்பு தெரிகிற நேரம் பார்த்து அப்பா மண்வெட்டியோடு போய் மண் அணைப்பார். அடுத்த ஏற்றத்தில் அது கரையும். அவர் மறுபடி போவார். அண்ணன் ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டான்.

"அது வயல் இல்லப்பா, கடல். எப்பத்தான் புரிஞ்சுக்குவீங்க?"

"அது கடல்னா நீ எம் புள்ள இல்லடா" என்றார் அப்பா.

அவ்வளவுதான். அம்மா இருந்திருந்தால் இருவரையும் ஒரு அதட்டு அதட்டியிருப்பாள்; அவள் நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டாள். அண்ணன் அடுத்த கப்பலுக்கு டிக்கெட் எடுத்தான். எங்கள் தீவில் ஒருவர் கடல் தாண்டி மெயின்லேண்டுக்குக் கப்பலேறினால் வீடே கப்பல்துறை ஜெட்டிக்குப் போய் நிற்கும். எதிர்வீட்டு வங்காளிக் குடும்பம்கூட வந்தது. அப்பா வரவில்லை. "வழியனுப்பவும் வரமாட்டேன், நாளைக்கு அவன் வந்து எறங்குனா கூப்புடவும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் படியில் ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தான். என்னை இல்லை, எனக்குப் பின்னால் இருந்த ஜெட்டி வாசல் கேட்டை.

பிறகு வீட்டுச் சுவரிலும் உப்பு ஏறியதால் அப்பாவும் நானும் டவுனுக்குள் ஷாதிபூரில் வாடகைக்கு வந்தோம். கிளம்பும்போது அப்பா பழைய வீட்டுக் கதவில் அடுப்புக்கரியால் 'ஷாதிபூர் போயிருக்கோம்' என்று எழுதினார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. தபால்காரருக்கு என்று அவராகவே சொன்னார். சாயங்காலமானால் ரேடியோவில் எந்தக் கப்பல் எப்போது வருகிறது என்ற அறிவிப்பைக் காது கொடுத்துக் கேட்பார். யாரும் வராத வீட்டில் அது எதற்கோ!

எனக்கு ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை கிடைத்தது. வேலை முடிந்து வரும் வழியில் ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே உட்கார்ந்துதான் வலைப்பூவை ஆரம்பித்தேன். பெரிய விஷயம் எதுவும் எழுதவில்லை. பாராடாங் தீவுக்குப் போகும்போது பஸ்ஸோடு படகில் ஏறியது, மழைக்காலத்தில் காயாத துணி, கப்பல் வராத வாரத்தில் வெங்காயத்துக்கு நாங்கள் அலைந்தது, இப்படி. ஒருமுறை எங்கள் வயலோரப் பலாமரத்தைப் பற்றி எழுதினேன். சின்ன வயதில் அதிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டேன் என்று கொஞ்சம் சோகமாகவே எழுதியிருந்தேன். மறுநாள் கீழே ஒரு பின்னூட்டம்.

பெயரில்லா சொன்னது: "நீ விழல. தள்ளிவிட்டதே நான்தான்."

நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் கரன்ட் போய்விட்டதா என்று பார்த்தார். பாவி, உயிரோடுதான் இருக்கிறான்! போனவன் ஒரு போன் செய்யவில்லை, ஒரு வரி எழுதவில்லை, இப்போது பலாமரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறான். உடனே, எங்கே இருக்கிறாய், நம்பர் கொடு என்று எழுதினேன். இரண்டு மாதம் ஆளைக் காணோம். அப்புறம் புரிந்தது, கேள்வி கேட்டால் ஓடிவிடுவான். அதற்குப் பிறகு அவன் எது எழுதினாலும் எல்லாரிடமும் சொல்வதுபோலவே, 'வருகைக்கும் கருத்துக்கும் நன்றி' என்று பதில் போட்டேன். "ரொம்பத்தான் மரியாதை" என்று எழுதினான். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அவன் பேச்சை எடுத்தாலே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, நான் படித்துவந்த ஒருவருடைய வலைப்பூ ஒருநாள் காலையில் காணாமல் போயிற்று. அவர் எதுவும் செய்யவில்லை. இலவசமாக இடம் கொடுத்தவர்கள் என்ன காரணத்துக்கோ பூட்டிவிட்டார்கள். என்னுடையதையும் பூட்டினால்? அண்ணன் எங்கே வந்து தட்டுவான்? அவன் எழுதியதெல்லாம் என்ன ஆகும்?

என் வாசகி ஒருத்தி, சென்னையில் கணினி வேலை பார்க்கிறவள், உடனே கிளம்பிவிட்டாள். "அக்கா, அது வாடகை வீடு. ஓனர் நெனச்சா ஒரே நாள்ல காலி பண்ணச் சொல்லிடுவான். சொந்தமா தளம் போட்டுக்கங்க. ஒருத்தரும் உங்கள அசைக்க முடியாது. நானே அமைச்சுத் தரேன்" என்று எழுதினாள்.

பிரவுசிங் சென்டர்காரரிடம் கேட்டேன். அவரும் தீவில் பிறந்த தமிழர்தான். எல்லாரையும்போல அவரை இந்தியில் பையா, அண்ணா, என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்கு நான் தீதி, அக்கா. "அரே தீதி, ஃபோகட்ல, ஓசியில கெடைக்குது, எதுக்கு டென்ஷன்?" என்றார். "சொந்தம்னா எல்லாம் நீங்கதான் பாத்துக்கணும். வருஷா வருஷம் புதுப்பிக்கணும், ரிப்பேர் ஆனா நீங்கதான் உக்காரணும். நம்ம நெட்டு இருக்குற லட்சணத்துல ஒரு பக்கம் தொறக்குறதுக்குள்ள சாய் குடிச்சிட்டு வந்துடலாம். ரஹ்னே தோ, விடுங்க."

அதுவும் சரிதானே! தலை சுற்றியது. காலையில் சொந்தத்தளம் என்று முடிவு செய்வேன், மாலையில் வேண்டாம் என்பேன். முகவரி மாறினால் அண்ணனுக்கு வழி தெரியுமா? மாறாமலிருந்து ஒருநாள் பூட்டிவிட்டால்? ஒருநாள் குழப்பம் தாங்காமல் அப்பாவிடமே கேட்டுவிட்டேன், எதற்கு என்று சொல்லாமல். "ஏம்ப்பா, ஓசியில கெடைக்கிற எடம் நல்லதா, சொந்த எடம் நல்லதா?"

அப்பா யோசிக்கவே இல்லை. "சொந்தம்னா சொந்தந்தாம்மா. தண்ணியே ஏறுனாலும் நம்ம பேர்லதான் இருக்கும்."

யார் சொல்கிறார் பாருங்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் ஏனோ அன்றைக்கே சென்னைக்காரிக்குச் சரி என்று எழுதிவிட்டேன். இதற்குப் பெயர் முடிவா? எனக்கே தெரியாது.

படங்களையும் பதிவுகளையும் இணையத்தில் அனுப்பப் பார்த்தோம். பாதியில் அறுந்தது. மறுபடி அனுப்பினோம், மறுபடி அறுந்தது. கடைசியில் தீவுக்காரர்கள் எதற்கும் செய்வதையே செய்தேன். இங்கே மெயின்லேண்டுக்குப் போகிறவர் யாரும் தன் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போனதில்லை. ஊரில் உள்ளவர்களின் பொட்டலங்களும் கூடவே போகும். பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவர் தன் மகளின் பிரசவத்துக்குச் சென்னை போனார். அவர் கொண்டுபோன கருவாட்டுப் பையில் எல்லாவற்றையும் ஏற்றிய ஒரு பென்டிரைவையும் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன். என் வலைப்பூ நாள்கணக்கில் நடுக்கடலில் கருவாட்டோடு கிடந்தது. சென்னைக்காரி வாங்கிக்கொண்டு, "அக்கா, உங்க எழுத்துல மீன் வாசம்" என்று எழுதினாள்.

புதுத்தளம் அழகாகத்தான் இருந்தது. பழைய பின்னூட்டங்களும் வந்து சேர்ந்திருந்தன, பலாமரம் உட்பட. அதைத்தான் முதலில் தேடினேன். பழைய இடத்தில் அப்பா கதவில் எழுதியதுபோலவே, இப்போது இங்கே இருக்கிறோம் என்று புது முகவரியை எழுதினேன். "ரெண்டு வாசல் வேணாம்க்கா, வர்றவங்க குழம்பிடுவாங்க" என்று சென்னைக்காரி சொன்னதால் அங்கே பின்னூட்டப் பெட்டியை மூடினேன்.

அதன் பிறகு அண்ணன் வரவில்லை.

ஒரு மாதம் பார்த்தேன். இரண்டு மாதம் பார்த்தேன். கோபமா? வழி தெரியவில்லையா? உடம்பு சரியில்லையா? எதை நினைத்தாலும் அதுதான் காரணம் என்று பட்டது. அப்புறம் ஒரு தந்திரம் செய்தேன். வேண்டுமென்றே பொய் எழுத ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் முதலில் நீச்சல் கற்றவள் நான்தான் என்று எழுதினேன். அண்ணனுக்குப் பாம்பு என்றால் பயம், வீட்டுக்குள் வந்த பாம்பை நான்தான் அடித்தேன் என்று எழுதினேன். என்ன எழுதினால் அவனுக்குப் பொத்துக்கொண்டு வருமோ அதையெல்லாம் எழுதினேன். வேறு வாசகர்கள், "உங்கள் வீரத்தைப் பாராட்டுகிறேன் சகோதரி" என்றார்கள். அவனைக் காணோம்.

ஒரே ஆறுதல், தளத்தின் உள்பக்கத்தில் ஓர் எண் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. வந்துபோகிறவர்களின் கணக்கு என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பையாவிடம் அதைப் பெருமையாகக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"தீதி, இது ஆளுங்க இல்ல. ஸ்பேம். குப்பைத்தொட்டி. தளத்துக்குக் காவல்காரன் மாதிரி ஒரு புரோகிராம் வெச்சிருக்காங்க இல்ல, அவன் சந்தேகப்பட்டதெல்லாம் இதுல போட்டு வெப்பான். கொஞ்ச நாள் ஆனா தானா அழிஞ்சிடும். நீங்க தொறந்து பாக்கவே இல்லியா?"

"இப்படி ஒண்ணு இருக்குன்னு யார் சொன்னா?"

"சொந்த வீடுன்னா குப்பையும் நீங்கதானே தீதி அள்ளணும்."

திறந்தேன். மாத்திரை விளம்பரம், கைக்கடிகாரம், லாட்டரி, மறுபடி மாத்திரை. பக்கம் பக்கமாக ஆங்கிலக் குப்பை. அதன் நடுவே தமிழில் ஒன்று.

"அஞ்சாவது தடவையா எழுதுறேன். பாம்பை அடிச்சது நான். அது போகட்டும். நான் கேட்டதுக்குப் பதில் சொல்ல மாட்டியா? இஷ்டமில்லன்னா இல்லன்னாவது சொல்லு."

பேர் போடாமல், யார் யாரோ விளம்பரம் அனுப்பும் ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து எழுதியிருப்பான், அதனால் காவல்காரன் பிடித்து வைத்திருப்பான் என்றார் பையா. எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மற்ற நான்கும் எங்கே? எல்லாப் பக்கமும் தேடினேன். அழிந்துபோயிருந்தன. அவன் என்ன கேட்டான்? பணமா? வேலையா? கல்யாணமா? உடம்புக்கு ஏதாவதா? என் வாசலில் நின்று ஐந்து முறை தட்டியிருக்கிறான், நான் உள்ளே உட்கார்ந்து அவனுக்காகப் பொய் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். பிரவுசிங் சென்டரில் அத்தனை பேர் முன்னால் அழுதேன். பையா மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தார்.

பழைய இடத்தில் மூடிய பெட்டியைத் திறந்தேன். அங்கும் புதுத்தளத்திலும் ஒரே வரியைப் போட்டேன். "நீ எழுதியது எதுவும் எனக்கு வரவில்லை, அண்ணா. என்ன கேட்டாய் என்று தெரியாது. எதுவாக இருந்தாலும் சரி." அவனை அண்ணா என்று அங்கே கூப்பிட்டு எழுதியது அதுதான் முதல்முறை. எதற்குச் சரி சொல்கிறோம் என்றே தெரியாமல் சரி சொல்லிவிட்டோமே என்று வழியில்தான் உறைத்தது. ஆனால் ஒரு வருடக் குழப்பத்தில் நான் திருப்பி யோசிக்காத முடிவு அது ஒன்றுதான்.

அந்த வாரக் கடைசியில் பதில் வந்தது. புதுத்தளத்தில் இல்லை, பழைய இடத்தில்.

பெயரில்லா சொன்னது: "எதுவா இருந்தாலும் சரியா? அப்ப சரி. ஊருக்கு வரலாம்னு இருக்கேன். ஜெட்டிக்கு அப்பா வருவாரான்னுதான் கேட்டேன்."

அதை ஒரு துண்டுத்தாளில்கூட எழுதிக்கொள்ளாமல் வீட்டுக்கு நடந்தேன். அப்பாவுக்காக நான் எப்படிச் சரி சொன்னேன்? எந்த வாயால் சொல்வேன்? அப்பா ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். பலாமரம், காவல்காரன், குப்பைத்தொட்டி, ஜெட்டி. பாதி அவருக்குப் புரிந்திருக்காது. எழுந்து கொல்லைப்பக்கம் போவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

"எந்தக் கப்பல்னு கேட்டியா?" என்றார்.