கூடிப்போன ரத்தம்

என் முகம் சிவந்ததுதான் முதல் அறிகுறி. அதைப் பார்த்துப் பொறாமைப்படாதவன் ஹல்துமுல்லையில் இல்லை. தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, நாலாம் வகுப்போடு படிப்பை விட்டு, மரக்கறி லொறிகளுக்கு முதலாளியானவன் நான். வெளிறிப்போன ஊரில் எனக்கு மட்டும் ரத்தம் ஊறுகிறது என்று மிதப்பாகத் திரிந்தேன்.

தலை கனத்தது. மனைவி பாக்கியம் காய்ந்த மிளகாயை என்னைச் சுற்றி நெருப்பில் போட்டாள். நெடி வரவில்லை.

"பாத்தீங்களா? ஊருக் கண்ணு பூரா ஒங்க மொகத்துலதான்."

கண்ணூறு என்றால் எனக்கும் பெருமைதானே! மாதக்கணக்கில் மிளகாய் எரிந்தது. ஒருநாள் லொறி ஓட்டும்போது பண்டாரவளை வளைவில் கண் இருட்டிய பிறகுதான் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டொக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். "ஐயா, ஹீமோகுளோபின் (ரத்தத்துக்குச் சிவப்பு தரும் பொருள்) எக்கச்சக்கமா ஏறியிருக்கு."

"ஈரல், முருங்கக் கீர. நம்ம சாப்பாடு அப்படிங்க."

"சாப்பாட்டால இவ்வளவு ஏறாது. ஸ்கேன் எடுப்போம்."

"கூடுனா வியாதியா? கொறஞ்சவனப் போய்ப் பாருங்கம்மா!"

அவர் சிரிக்கவில்லை. ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் கட்டி தெரிந்தது. புற்றுநோய். வலியில்லை, சிறுநீரில் ரத்தமில்லை. எரித்ரோபொயட்டினை (ரத்தத்தை ஊறச் சொல்லும் சுரப்பு) அந்தக் கட்டி கண்டபடி சுரந்திருக்கிறது.

"இப்ப கிட்னிக்குள்ளேயே இருக்கு. ஒப்பரேஷனத் தள்ளிப்போட்டா வெளிய பரவிரும்" என்றார்.

வீட்டுக்கு வந்தால் அறிவாளிகள் கூட்டம். எங்கும் ஒரு வேலையில் நிலைக்காத மச்சான் தீர்ப்புச் சொன்னான்: "ஒண்ணுக்கு சுத்தமாப் போகுதுல்ல மாமா? அப்பறம் கிட்னிக்கு என்ன? கத்தி பட்டா பரவிரும்." அவன் பேச்சுக்கு நாலு பேர் தலையாட்டினார்கள். வெட்கம், நானும் இரண்டு வாரம் தயங்கினேன்.

பாக்கியம்தான் வெடித்தாள். "இவனுங்க பேச்சக் கேட்டா லொறி வாங்குனீங்க? வேட்டிய மாத்துங்க, போவோம்."

சிறுநீரகத்தை எடுத்தார்கள். கட்டி வெளியே பரவியிருக்கவில்லை. சில வாரங்களில் ரத்தம் எல்லாரையும் போல இறங்கியது. "எளச்சிட்டீங்களே" என்று உச்சுக்கொட்ட வந்தவர்களுக்கு நான் தேத்தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

இதே நோயோடு படிக்கிறவரே, உமக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. உடம்பு பளபளத்தால் நீர் சந்தேகப்படும். கைதட்டுகிறவன் ஒருவனும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரமாட்டான்.

இப்போது களைப்போடு விடிந்தால் நிம்மதியாக இருக்கிறது. எப்போதாவது இருபது வயசுக்காரன் மாதிரித் தெம்பாக எழுந்துவிட்டால், அன்று லொறி தானாக ஓடட்டும் என்று விட்டுவிட்டு, ரத்தம் சோதிக்கப் பதுளை பஸ்ஸில் ஏறுகிறேன்.