மச்சாளின் நெளிந்த செம்பு

எங்கள் குசினியில் பாத்திரம் வைக்கும் தட்டில் விளிம்பு நெளிந்த ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது. என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், அவருடையது. கந்தசஷ்டி ஆறு நாளும் மாலைப் பூசை முடிந்தபின் அந்தச் செம்பில் கோயில் கிணற்றுத் தண்ணீர் குடிப்பார். வேறொன்றும் வாயில் படாது. எங்கள் ஊரான குருக்கள்மடத்துக் கோயிலில் பெண்கள் அவருக்கு வழிவிட்டு நிற்பார்கள். ஐயர் திருநீற்றை முதலில் அவருக்கே கொடுப்பார். நான் பின்னால் நின்று பார்ப்பேன். முருகன் சந்நிதியில் நின்று இப்படி எரியலாமா என்று என்னையே கேட்பேன். எரிவது நிற்காது.

எனக்குப் பல வருசமாக நெஞ்செரிவு. சாப்பாடு பிந்தினாலே வயிறு பற்றும். அதனால் பகலில் ஒருவேளை சாப்பிட்டுத்தான் விரதம் பிடிப்பேன். ஒருமுறை கிணற்றடியில் மச்சாள் சிரித்துக்கொண்டே, "உனக்கு விரதமெண்டாலும் பத்து மணிக்குத் தேத்தண்ணி வேணுமே கா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த சஷ்டிக்கு நானும் ஆறு நாள் தண்ணீரோடு இருப்பதென்று நேர்ந்தேன். முருகனுக்கென்று சொன்னேன். உண்மையில் மச்சாளுக்குக் காட்டத்தான்.

அப்போது முழங்கால் நோவுக்குக் குளிசை எடுத்துக்கொண்டிருந்தேன். மருந்து சாப்பாடில்லைத்தானே, விரதம் முறியாது என்று வெறும் வயிற்றில் இரண்டு வேளையும் விழுங்கினேன். மூன்றாம் நாள் வயிற்றில் தணல் வைத்தாற்போல இருந்தது. விரதச் சூடு என்று நினைத்தேன். நான்காம் நாள் மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. சொன்னால் சாப்பிடச் சொல்வார்களே என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்று மாலை கோயில் வாசலில் கண் இருண்டு சரிந்தபோது தாங்கிப் பிடித்தது மச்சாள்தான். அவர் கையிலிருந்த செம்பு கல்லில் விழுந்து நெளிந்தது.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் தொண்டை வழியாகக் கமரா விட்டுப் பார்த்தார்கள். அதற்கு முன் தண்ணீரும் குடிக்கக்கூடாது என்றபோது எனக்குள் ஒரு சந்தோசம். விரதம் தொடர்கிறதே. இரைப்பையில் புண், அதிலிருந்து இரத்தம் கசிந்திருக்கிறது. "வெறும் வயித்தில நோக்குளிசை போட்டீங்களா அம்மா?" என்று டொக்டர் கேட்டார். கசிந்த இரத்தம்தான் கறுப்பாகப் போகிறது, கண்ட அன்றே வந்திருக்க வேண்டும் என்றார். புண்ணை உண்டாக்கும் கிருமி இருக்கிறதா என்று பார்க்கவும் சிறு துண்டு எடுத்திருந்தார்கள். பின்னேரம் கஞ்சி குடிக்கலாம் என்றார்.

கஞ்சிக்கு நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சூரன்போர், இன்னும் ஒரு நாள்தானே. கணவர் கெஞ்சிப் பார்த்தார். அப்போது மச்சாள் மழையில் நனைந்தபடி அந்தச் செம்பில் கஞ்சியோடு வந்தார்.

"குடி கா."

"நீங்க பிடிப்பீங்க, நான் மட்டும் முறிக்கிறதா?"

 மச்சாள் செம்பைத் தூக்கி இரண்டு மிடறு குடித்தார். "இந்தா, எனக்கும் முறிஞ்சிட்டு. இனிக் குடி. முருகன் கேட்டா நான் கதைக்கிறன்."

அழுதுகொண்டே குடித்தேன். அப்போதும், இதிலும் இவர் முந்திவிட்டாரே என்றுதான் நெஞ்சு கொதித்தது.

செம்பை என்னிடமே விட்டுவிட்டார். இந்த வருசமும் ஆறு நாளும் பிடித்தார். கிணற்றடியில் ஒருத்தி என்னிடம், "உங்கட மச்சாள் இத்தனை வருசத்தில ஒரு சஷ்டியும் முறிச்சதில்லையாம்" என்றாள். மச்சாள் என்னைப் பார்க்காமல் வாளியை இறக்கினார். உண்மை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஓம், முறிச்சதில்ல" என்றேன்.

வீட்டுக்கு வந்து செம்பை எடுத்துக் கஞ்சி வார்த்தேன். அவருக்குப் பேர், எனக்குக் கஞ்சி. முருகா, இன்னும் எரியத்தான் செய்கிறது. ஆனாலும் அடிவரை குடித்தேன்.