மலர்விழி டீச்சரின் ஏரி போர்டு

மலர்விழி டீச்சர் போய்விட்டார்.

நேற்று சாயங்காலம் ஸ்கூல் முடிந்து கீரனூரில் வீட்டுக்குள் நுழைந்தவர், நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

எங்கள் ஸ்கூலில் கணக்கு டீச்சர். நான் சமூக அறிவியல், ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலி. இரண்டு பேருக்கும் ஒரே வயது.

காலையில் ஹெச்.எம். போன் செய்து சொன்னதிலிருந்து என் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நேற்று மத்தியானம்கூட "கேஸ் மாதிரி இருக்கு டீச்சர், சீரகத் தண்ணி வச்சிருக்கீங்களா" என்று கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு எட்டாம் வகுப்புக்குப் போனார்... அவ்வளவுதான்.

கந்தர்வக்கோட்டை பக்கம் ஒரு அரசுப் பள்ளி எங்களுடையது. காசு கட்டி ஆப் வாங்க யாரால் முடியும்? ஓசியில் கிடைக்கிறதை எல்லாம் தேடிப் பிடித்து வந்தது மலர்விழி டீச்சர்தான்.

க்விஸ் நடத்த ஒன்று. மேப் போட ஒன்று. எல்லோரும் சேர்ந்து எழுத, படம் ஒட்ட, பேசிப் பதிந்து வைக்க ஒரு ஆன்லைன் போர்டு.

முதல் க்விஸ் நடந்த நாள்... பிள்ளைகள் சொந்தப் பெயர் போடாமல் 'முந்திரி', 'கொழுக்கட்டை' என்று உள்ளே வந்தார்கள். ஒருத்தன் 'ஹெச்.எம்.' என்றே வந்து முதல் மார்க் வாங்கிவிட்டார்.

ஹெச்.எம். வந்துவிடுவாரோ என்று நான் வாசலைப் பார்த்தேன். மலர்விழி டீச்சர் சிரிக்கிறார். "வரட்டும் டீச்சர். ஃபர்ஸ்ட் வந்துருக்காருன்னா சந்தோசம்தானே படுவாரு."

எனக்கு எதை அமுக்கினாலும் பயம். அவருக்கு எதிலும் பயமே கிடையாது.

அந்த போர்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஓசி என்பதால் மூன்று போர்டுதான் தருவார்கள். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பழையதில் ஒன்றை அழிக்க வேண்டும்.

"மூணே மூணா?" என்று ஹெச்.எம். அலுத்துக்கொண்டார். "தானமா குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக்கூடாது சார்" என்று முடித்துவிட்டார் டீச்சர்.

போர்டு அக்கவுண்ட் அவருடைய பெயரில். பாஸ்வேர்டு ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரியும். யார் உள்ளே போனாலும் 'மலர்விழி' என்றுதான் காட்டும். சனிக்கிழமை காலையில் முறை வைத்து ஒருத்தர் பழைய போர்டை அழித்துவிடுவோம், திங்கட்கிழமை பாடத்துக்கு இடம் வேண்டுமே.

இந்த வாரம் அழிய வேண்டியது ஒன்பதாம் வகுப்பின் ஏரி போர்டு. எங்கள் ஏரியையும் வரத்து வாய்க்காலையும் பிள்ளைகள் மேப்பில் குறித்து ஒட்டியது. ஒவ்வொன்றுக்கும் கீழே டீச்சர் தன் குரலில் பேசி வைத்திருக்கிறார்.

"சுகன்யா, ஒன் வீட்ட ஏரிக்குள்ள கட்டி வச்சிருக்க. மழைக்கு முன்னாடி இங்கிட்டு கரைக்குத் தள்ளி வச்சுரு தாயி."

அந்தக் குரலை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்றுதான் காலையில் திறந்தேன்.

உள்ளே 'மலர்விழி' நகர்ந்துகொண்டிருந்தது.

சின்ன அம்புக்குறி, பக்கத்தில் அவர் பெயர். ஒரு குறிப்பில் நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்ததற்குப் போகிறது. போனைக் கட்டிலில் போட்டுவிட்டேன்.

பிறகுதான் புத்தி வந்தது. இன்று சனிக்கிழமை. இங்கிலீஷ் சாரின் முறை. இழவு வீடானாலும் வேலையை முடித்துவிட்டுக் கிளம்புகிற ஆள். அழிக்கத்தான் வந்திருக்கிறார்.

முதல் பயத்தைவிட இது பெரிய பயம். போன் செய்தேன், எடுக்கவில்லை. போர்டிலேயே டைப் செய்தேன். "சார், நீங்களா? நான் சோஷியல் டீச்சர். அழிச்சுராதீங்க."

அம்புக்குறி நின்றது. பதில் வந்தது.

"நான் இனியா, ஆன்ட்டி. அம்மா லேப்டாப்."

டீச்சரின் மகள். பத்தாவது படிக்கிறாள். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது உள் ரூமில் உட்கார்ந்து அம்மாவை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அடுத்த வரி வந்தது. "இன்னைக்கு இத அழிச்சுருவீங்களா ஆன்ட்டி?"

உடனே டீச்சர் நம்பருக்குக் கூப்பிட்டேன். அவள்தான் எடுத்தாள். "பாஸ்வேர்ட மாத்திரு பாப்பா. அம்மா போனுக்குத்தான் ஓ.டி.பி. வரும். புதுசு என்னன்னு யாருகிட்டயும் சொல்லாத, எங்கிட்டயும் சொல்லாத. எல்லாரையும் வெளியேத்தவான்னு கேக்கும், ஆமான்னு குடு."

"அப்ப நீங்களும் வெளிய போயிருவீங்களே ஆன்ட்டி..."

"போறேன். நீ குடு."

கொடுத்துவிட்டாள். ஏரி, வாய்க்கால், சுகன்யா வீடு எல்லாம் என் போனிலிருந்து போய்விட்டது. எனக்கென்று ஒரு குரல்கூட எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் இங்கிலீஷ் சார் கூப்பிட்டார். "டீச்சர், போர்டு தொறக்க மாட்டேங்குது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தொறக்காது சார். இன்னைக்குப் போயி அதை அழிக்கணுமா ஒங்களுக்கு?"



"அழிக்கறதுக்கு இல்ல டீச்சர்... ஒரு தடவ அவங்க கொரலக் கேட்டுட்டுக் கெளம்பலாம்னு பாத்தேன்."

இப்போது கீரனூர் போக பஸ் ஸ்டாப்பில் நிற்கிறோம், சாரும் நானும்.

உங்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது டீச்சர்.

வாரோம்...