காலையில் ஆபரேஷன், மாலையில் வீடு

இன்று உத்திரமேரூரில் பஸ் ஏறியதும் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மாகறல் கன்னியம்மா. முன் சீட்டில் அவர் மகன். மகனுக்குக் காலையில் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து, மாலையில் இருவரும் ஊர் திரும்புகிறார்கள்.

"ஒரே நாள்லயா அனுப்பிட்டாங்க?" என்றேன்.

"எம்பதாம் வருசத்துலயே இங்க இப்பிடி பண்ணாங்கம்மா."

அப்போது ஒரு டாக்டர் தம்பதி தங்கள் வீட்டு முன்பக்கமே சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார்களாம். கூலிக்காரர்களுக்கும் கட்டுப்படியாகும் செலவு. கன்னியம்மாவின் கணவருக்கும் இதே குடலிறக்கம்தான். ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

தெருக்காரர்கள் விடவில்லை. "காலையில அறுத்து சாயங்காலம் வூட்டுக்கு அனுப்புறவன் இன்னா டாக்டரு? பத்து நாள் படுக்க வெச்சாதான் வைத்தியம்."

அவரும் போகவில்லை. வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அறுவடைக்குப் போனார். நெல் மூட்டையைத் தூக்கியதில் குடல் சிக்கிக்கொண்டது. வலியில் துடித்தவரைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது.

"சாவுக்கு அந்த டாக்டரம்மா வந்தாங்க. ஏன் வரலன்னு ஒரு வார்த்த கேக்கல. என் கையப் புடிச்சிக்கினு அயுதாங்க. வாணாம்னு சொன்னவங்கதான் மால வாங்கியாந்து போட்டாங்க."

முன் சீட்டில் இருந்த மகனின் தோளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நானாவது இஸ்துக்கினு போயிருக்கணும். எனக்கும் பயமா இருந்திச்சி."

மாகறல் வந்தது. மகன் மெதுவாக எழுந்தார். கன்னியம்மா என்னிடம் குனிந்து, "ஆபரேஷன் பண்ணத ஊர்ல யாருக்கும் சொல்லல. கேட்டா மாமியா வூட்டுக்குப் போனான்னு சொல்லிடுவேன்" என்றார்.

சிரிக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. உங்கள் தெருவில் எத்தனை பேர் படிக்காமலே டாக்டர்களாக இருக்கிறார்கள்?