மாமாவின் கழுத்தில் ஒரு சத்தம்

என் தாய்மாமாவுக்கு இடது கண்ணில் படுதா இறங்கும். ஜமுனாமரத்தூர் பக்கத்து எங்கள் மலையூரில் அவரைப்போலப் புளியமரம் ஏறி உலுக்க ஆள் கிடையாது. நன்றாக இருக்கும்போதே, கூத்தில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அந்த மாதிரி ஒரு படுதா மேலிருந்து இறங்கி அவருக்கு ஒரு கண்ணை மறைத்துவிடும். வெற்றிலை மென்று துப்புவதற்குள் தானாக ஏறியும் விடும். வலி கிலி எதுவும் இல்லை. எனக்கு அப்போது எட்டு வயது. படுதா என்றால் பின்னால் யாராவது வேஷம் கட்டி நிற்க வேண்டுமே! "யார் மாமா வந்தது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். "ஒருத்தனும் வரல புள்ள, உங்க அத்தைதான் நிக்குறா" என்பார்.

அத்தைக்குச் சிரிப்பு வராது. "மரத்து மேல இருக்கசொல்ல இறங்கிச்சின்னா இன்னா பண்ணுவீங்க?" என்று சண்டைக்குப் போவாள். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றிப் பார்த்தாள். கடைசியில் ஜமுனாமரத்தூர் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டபோது அவரை இழுத்துக்கொண்டு போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு காதில் குழாயை மாட்டிக்கொண்டு மாமாவின் கழுத்தில் வைத்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்து, குழாயை என் காதிலும் மாட்டிவிட்டார். அய்யோ, என்ன அதிசயம்! வலப்பக்கம் ஒன்றுமில்லை. இடப்பக்கம் உஸ்... உஸ்... என்று கொல்லன் துருத்தி ஊதுகிறது!

"கண்ணுக்கும் மூளைக்கும் போற ரத்தக்குழாய் இங்க அடைச்சிட்டு வருது. வேலூருக்குப் போய்ப் பெரிய டாக்டரப் பாருங்க. தள்ளிப்போடாதீங்க" என்றார் டாக்டர்.

வழியெல்லாம் மாமா ஒரே கிண்டல். "கண்ணு நோவுக்குக் கழுத்தப் பாக்குறாரு. கால் நோவுன்னு போனா காதத் திருகுவாரா?" அத்தை கெஞ்சிப் பார்த்தாள். "புளி உலுக்கி முடியட்டும், போய்ட்டு வர்றேன்" என்று முடித்துவிட்டார்.

எனக்கோ அந்தச் சத்தத்தின்மேல் பைத்தியம். தினமும் சாயங்காலம் மாமா மரத்தைவிட்டு இறங்கி வந்ததும் மடியில் ஏறி, கழுத்தில் காதை அழுத்துவேன். குழாய் இல்லாமலே கேட்டது.

"இன்னா புள்ள, ஊதுதா?"

"ஊதுது மாமா."

அத்தை எங்கள் பக்கம் திரும்பாமல் களி கிண்டிக்கொண்டிருப்பாள். ஆனால் என் பதில் வரும்வரை துடுப்பு அசையாது.

ஒருநாள் சத்தம் இல்லை. மறுபடியும் அழுத்திக் கேட்டேன். இல்லவே இல்லை. "நின்னு போச்சு மாமா!" என்று குதித்தேன். மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அத்தை சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். வேலூர்ப் பேச்சு அதோடு போயிற்று.

மறுநாள் விடிந்தபோது மாமாவுக்கு வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சும் வரவில்லை. டோலி கட்டித் தூக்கிப்போக ஆட்கள் மூங்கில் தேடி ஓடினார்கள். அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அடைப்பு பாதியாய் இருக்கும்வரைதான் ரத்தம் இரைந்துகொண்டு ஓடும், முழுக்க அடைத்துவிட்டால் சத்தமும் இருக்காது என்பது எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. அன்று மாமா இடது கையால் என் தலையைப் பிடித்துத் தன் கழுத்தோடு சேர்த்துக்கொண்டார். கண்ணாலேயே கேட்டார். நான் நன்றாக அழுத்திக் கேட்டேன்.

"இல்ல மாமா, சுத்தமா நின்னு போச்சு. பயப்படாத" என்றேன்.