நெருப்புக்கோழிக் கூண்டின் பலகை

எங்கள் சித்தப்பா மிருகக்காட்சிசாலையில் இருபத்திரண்டு வருடம் ஒரே பறவைக்குத் தீனி வைத்தார். கூண்டு வாசலில் கொட்டை எழுத்தில் 'நெருப்புக்கோழி' என்று ஒரு பலகை. அதைப் படித்த பிறகு வேலை வெட்டி இல்லாத எவனுக்கும் கை சும்மா இருக்காது. எரிகிற சிகரெட்டைக் கம்பிக்குள் வீசிவிட்டு, விழுங்குகிறதா என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்பான்.

"இது நெருப்பெல்லாம் திங்காதுங்க. செரிக்கிறதுக்காகக் கல்லைத்தான் முழுங்கும்."

சொல்லிச் சொல்லிச் சித்தப்பாவுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். விடிந்ததும் சல்லடையும் கையுமாகக் கூண்டு மணல் முழுவதையும் சலிப்பார்.

"வீட்ல ஒரு நாளாவது மாவு சலிச்சுக் கொடுத்திருப்பாரா?" என்பாள் சித்தி.

போன மாதம் பறவை செத்தது. டாக்டர் வயிற்றை அறுத்தபோது கூழாங்கற்களோடு ஒரு சிகரெட் லைட்டரும் கிடந்தது. எந்த நாசமாய்ப் போகிறவன் வீசினானோ! "என் சல்லடைக்குத் தப்பிடுச்சே" என்று சித்தப்பா மூன்று நாள் சோற்றைத் தொடவில்லை. நான்காம் நாள் மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, அந்தப் பேரை மட்டும் எடுத்துடுங்க."

"அந்தப் பேருக்குத்தான்யா கூட்டமே வருது."

நேற்று புதுக் குஞ்சு வந்தது. பலகையும் புதிதாக வந்தது, எழுத்தைச் சுற்றித் தீ நாக்குகளோடு. அதை மாட்டுவதும் சித்தப்பாவின் வேலைதான். கோணாமல் பிடித்து, நான்கு திருகாணிகளையும் இறுக்கினார். ஏணியை விட்டு இறங்குவதற்குள் பின்னால் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.